கிளினிக் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல்

வயலையும் வீட்டையும் விட்டு வந்து, முகாமிலோ உறவினர் வளவிலோ இருக்கும் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிப் பயணம் ஒரு முழுநாள் வேலை. பஸ் காசும் அன்றைய கூலியும் போய்விடும். அதனால் பல அலுவல்களை ஒரே நாளில் சேர்த்துக்கொள்கிறோம். மூத்தம்மாவுக்குப் பிறஷர் கிளினிக், தாய்க்கு இரத்தப் பரிசோதனை, பிள்ளைக்குத் தடுப்பூசி. அன்று விடியற்காலையில் கைப்பிள்ளையின் உடம்பு சுடுகிறது. என்ன செய்வோம்?

முதலில் பிள்ளையின் வயதைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 100.4 பாகை பரனைட் அல்லது அதற்கு மேல் சூடு இருந்தால், மற்ற அலுவல்கள் நிற்கட்டும். வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் இருப்பவர்களுக்கு அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை கிட்ட. மருதமுனை, பாண்டிருப்புப் பக்கம் இருப்பவர்களுக்குக் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை கிட்ட. நம்முடைய ஆஸ்பத்திரி, அவர்களுடைய ஆஸ்பத்திரி என்று யோசிக்கும் நேரம் அதுவல்ல. வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மூன்று மாதம் கடந்த பிள்ளை பால் குடித்து, முகம் பார்த்துச் சிரித்தால் பயணத்தைத் தொடரலாம். ஆனால் போன உடனேயே, “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று தாதியிடம் சொல்லுங்கள். எங்கள் தாய்மார் பலர் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு மூலையில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஏசுவார்கள் என்ற பயம், இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்ற கூச்சம். வரிசையை மீறி நோயுள்ள பிள்ளையைக் காட்டுவது மரியாதைக் குறைவு அல்ல. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தால், எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கும்போது நெஞ்சு உள்ளே இழுபட்டால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், இலக்கம் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். கரையோர வெயிலில் கம்பளித் தொப்பியும் போர்வையும் போட்டுப் பிள்ளையை அவிக்கக் கூடாது. ஐஸ் தண்ணீரால் துடைப்பதும் வேண்டாம், நடுக்கம் வந்து சூடு கூடும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தாய்ப்பாலே தண்ணீரும் சாப்பாடும். கொத்தமல்லி அவித்த தண்ணீர் பெரியவர்களோடு நிற்கட்டும். ஓதிப் பார்க்க விரும்பினால் பாருங்கள், ஆனால் ஓதிய தண்ணீரைக் கைப்பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காமல் தலையில் தடவிவிடுங்கள்.

இனி பனடோல். கிளினிக் நாளில் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். விடிய உம்மம்மா ஒரு முறை கொடுக்கிறா. பஸ்ஸில் பிள்ளை அழுதது என்று தாய் ஒரு முறை கொடுக்கிறா. வெளிநோயாளர் பிரிவில் கிடைத்த மருந்தையும் மத்தியானம் கொடுக்கிறார்கள். போத்தல் வேறு, பெயர் வேறு, ஆனால் உள்ளே இருப்பது ஒரே பரசிட்டமோல். கூடினால் அது ஈரலைக் கெடுக்கும். பிள்ளையின் நிறை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கு. கிளினிக் கொப்பியில் கடைசியாக நிறுத்த நிறை இருக்கும். 8 கிலோப் பிள்ளைக்கு 120 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 5 மில்லிலீற்றர். துளி மருந்து இதைவிடப் பல மடங்கு கடுமையானது, அதைப் பாணியின் அளவில் ஊற்றிவிடாதீர்கள். தேநீர்க் கரண்டியால் அளக்காமல் மருந்தோடு வரும் மூடியால் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சால் அளவுங்கள். ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் ஆறு மணித்தியாலம், ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் இல்லை. கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, டொக்டரிடமும் காட்டுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதித் தரும்.

அஸ்பிரின், இபுபுறோஃபன் போன்றவற்றை நீங்களாகப் பாமசியில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள், எங்கள் மாகாணத்தில் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: டெங்குவில் சூடு இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். உடம்பு குளிர்ந்தும் பிள்ளை சோர்ந்து, கைகால் சில்லிட்டு, வயிறு நொந்து அழுதால் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதாலோ, வாய்க்குள் கரண்டி வைப்பதாலோ வலிப்பு நிற்காது.

தடுப்பூசி என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தடிமனுக்கும் லேசான சூட்டுக்கும் பொதுவாக ஊசியை நிறுத்துவதில்லை. கடும் காய்ச்சல் என்றால் வேறு நாள் தருவார்கள். அந்தத் திகதியைக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டே வெளியே வாருங்கள். இப்போது இருக்கும் இடத்துக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்திருந்தால் தவறிய ஊசியை அவர் தேடி வந்து நினைவூட்டுவார்.

மாதர் சங்கக் கூட்டத்தில் இதைக் கணக்குப் பாருங்கள்: 8 கிலோ நிறையுள்ள பிள்ளைக்குக் காலை 5 மணிக்கு வீட்டில் 5 மில்லிலீற்றர் பாணி கொடுத்தார்கள். 9 மணிக்கு ஆஸ்பத்திரியில் இன்னொரு போத்தல் பரசிட்டமோல் பாணி கிடைத்தது. பிள்ளை இன்னும் சுடுகிறது. அடுத்த முறை எத்தனை மணிக்குக் கொடுக்கலாம்? அதுவரை தாய் என்னென்ன செய்யலாம்?