கண்கட்டி

கண்ணை இமை காப்பது போலக் காத்தல் என்பது தாய்மார் வாயில் நாடோறும் வழங்கும் மொழி. அங்ஙனம் காக்கும் இமைக்கே நோய் வந்தால் நாம் செய்யத்தக்கது யாது? சிறுவர்க்குப் பெரிதும் வரும் கண்கட்டியைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கண்கட்டி என்னுஞ் சொல் கண்ணின்கண் தோன்றும் கட்டி என விரியும். ஆயினும், நோய் உண்டாவது கண்ணிலன்று, இமையிலேயாம். இமை மயிர்க்கால்களை அடுத்து நுண்ணிய நெய்ச்சுரப்பிகள் உள. இமையினுள்ளே நீண்ட சுரப்பிகள் வேறு சில நிரலாக நிற்கின்றன. மேலிமையில் இவை ஏறத்தாழ 30. கீழிமையிற் சற்றுக் குறைவு. 1666-ஆம் ஆண்டில் இவற்றை விரித்தெழுதிய ஜெர்மானிய மருத்துவர் மைபோம் என்பாரின் பெயரே இன்றும் இவற்றிற்கு வழங்குகின்றது. இவை சுரக்கும் நெய் கண்ணீரின்மேற் படலமாய்ப் பரந்து, அது விரைவில் உலராவண்ணம் காக்கின்றது.

இந்நெய் செல்லும் வழி அடைபட்டு, ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் ஆண்டுப் பெருகுமாயின், இமை சிவந்து வீங்கி நோவு தரும். இதுவே கண்கட்டி. நுண்ணுயிரின்றி நெய் மட்டும் தேங்கின், பெரும்பாலும் நோவில்லாத கட்டி உண்டாகும். சலேசியான் எனப்படும் அது கரையப் பல வாரங்கள் செல்லும்.

எம் இல்லத்து நிகழ்ந்த ஒன்றையும் கூறுவோம். ஆறாண்டு நிரம்பாத எம் தம்பிக்குச் சென்ற கோடை விடுமுறையிற் கண்கட்டி கண்டது. அண்டை வீட்டுப் பாட்டியார் உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றிக் கட்டியின்மேல் வைத்தார். நாமக்கட்டியும் உரைத்துப் பூசினார். மூன்றாம் நாள் வெண்முனை தோன்றவே, அவன் அழுகை பொறாது யாமே அதனைப் பிதுக்கிவிட்டோம். மறுநாள் இமை முழுதும் வீங்கிக் கண் மூடிக்கொண்டது, காய்ச்சலும் வந்தது. மருத்துவர் தந்த மருந்தால் அவன் நலமுற்றான். எனினும், அன்றிரவு எம் அன்னையார் அவனருகே உறங்காதிருந்த காட்சி எம் நெஞ்சை விட்டு அகன்றிலது.

பிதுக்குங்கால் சீழ் வெளியேறுவதோடமையாது, சூழ்ந்த தசையினுள்ளும் பரவக்கூடும் என்பதைப் பின்னரே அறிந்தோம். பாட்டியார் செய்கையிலும் ஓருண்மை இருந்தது; வெப்பம் உறைந்த நெய்யை இளக்கும். ஆனால், தூய்மையற்ற விரலினும் தூய துணியே சிறந்தது. அதனைக் குழந்தை பொறுக்கத்தக்க வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 10 நிமிடம், நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை வைத்தல் வேண்டும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கட்டி தானே உடைந்தோ வற்றியோ போம். கைகளைக் கழுவுதலும், துவாலையைத் தனியே வைத்தலும் இன்றியமையாதன. நாமக்கட்டி, சுண்ணாம்பு முதலியவற்றைக் கண்ணருகே கொண்டு செல்லலாகாது.

சிவப்பு இமையைக் கடந்து பரவினும், காய்ச்சல் காணினும், விழியை அசைக்க நோவினும், பார்வை மங்கினும் அன்றே மருத்துவரை நாடுக. நீங்காத பெருங்கட்டி கருவிழியை அழுத்திச் சிறுவர் பார்வையைக் கெடுத்தலும் உண்டாதலின், அதனையும் காட்டுதல் வேண்டும்.

இந்நோய் பெரும்பாலும் தீங்கற்றது. தீங்கு விளைப்பது நம் விரைவே. தம்பி தங்கையருடைய மாணவ நண்பர்கள் எம் பிழையைத் தாம் செய்யாதிருப்பாராக.