ரோடு சைக்கிளுக்கு மலைச் சைக்கிள் பெடல் போதும்

ரோடு சைக்கிளில் ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் மாட்ட நினைப்பவர்கள், மலைச் சைக்கிளுக்கென ஷிமானோ 1990-இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. வகையை முதலில் பார்க்கலாம். பொருந்துமா என்ற கவலை வேண்டாம்; இரண்டிலும் பெடல் மரை பெரும்பாலும் 9/16 அங்குலம்தான். (இடது பெடலின் மரை எதிர்த்திசை, மறந்து முறுக்கினால் கிராங்க் பாழ்.) எஸ்.பி.டி.யின் இரண்டு திருகு கிளீட், அதாவது ஷூவில் மாட்டிப் பெடலில் பூட்டும் துண்டு, சிறியது, ஷூவின் அடியில் குழிக்குள் அடங்கிவிடும், இறங்கி டீக்கடைக்கு நடக்கலாம், படியும் ஏறலாம். ரோடு ஷூவின் மூன்று திருகு கிளீட்டோ வெளியே துருத்தி வழுக்கும், நடக்க நடக்கத் தேயும். எஸ்.பி.டி. பெடல்கள் பலவும் இருபுறமும் பூட்டுவதால், சிக்னலில் கிளம்பும்போது குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

கிளீட் சிறிது, பாதத்தில் ஒரே இடம் வலிக்குமே என்பார்கள். அடிப்பாகம் வளையும் ஷூவில் அது உண்மை. ஆனால் அழுத்தத்தைப் பரப்புவது ஷூவின் அடிப்பாகம். அது விறைப்பாக இருந்தால் குறை பெரிதும் தீரும். எடை சற்றுக் கூடும். அதைப் பந்தயக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பழகும்வரை பெடலின் பிடிப்புத் திருகைத் தளர்த்தி வையுங்கள். வண்டி நிற்கும் முன்பே குதிகாலை வெளிப்புறம் திருப்பிக் காலை விடுவித்துவிடுங்கள்.