பழைய வீட்டின் கடைக்காலைத் தொடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பழைய வீடுகளின் அஸ்திவாரத்தைச் சீர்செய்யும் வேலையில் இறங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. புது வீடு கட்டித்தரத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வருஷத்து வீட்டில் பேஸ்மட்டம் ஏன் இறங்குகிறது, சுவர் ஏன் பிளக்கிறது, ஓதம் ஏன் ஏறுகிறது என்று குனிந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் விரிசல் கண்ட வீட்டுக்காரரிடம், “இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க” என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இடிக்காமலே காப்பாற்றக்கூடிய வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அவற்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுதான்: கடைக்காலில், அதாவது அஸ்திவாரத்தில், கை வைப்பதற்கு முன் தண்ணீரைத் தேடு. வீட்டின் கீழே உள்ள மண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். வரக்கூடாத இடத்தில் வந்தாலும் கெடுதி, இருந்த இடத்தை விட்டுப் போனாலும் கெடுதி. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் ஊற்றுகிற கான்கிரீட் வீண்.

நம் பக்கத்துப் பழைய வீடு எப்படி நிற்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். பெரும்பாலான வீடுகளில் கான்கிரீட் தூணும் கிடையாது, பீமும் கிடையாது. ஒன்றரை அடிச் சுவரே பாரத்தைச் சுமக்கிறது. கடைக்காலுக்கான பள்ளத்தை மூன்று அல்லது நான்கு அடி ஆழத்துக்கு வெட்டி, கருங்கல்லைச் சுண்ணாம்பிலோ வெறும் சேற்றிலோ வைத்துக் கட்டி, அதன்மேல் செங்கல் சுவரை எழுப்பியிருப்பார்கள். இந்தக் கட்டுமானம் சற்று அசைந்து கொடுக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் செய்யும். சிமெண்ட்டும் கம்பியும் போட்ட வீட்டைப் பற்றிக் கல்லூரியில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தாதே.

வேலைக்குப் போன முதல் நாள் விரிசலைப் பார்ப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி நட. மொட்டைமாடித் தண்ணீர் விழும் குழாய் எங்கே முடிகிறது? சுவரின் அடியிலேயே கொட்டுகிறதா? கழிவுநீர்க் குழாய் எந்தச் சுவர் ஓரமாகப் போகிறது? பழைய பீங்கான் குழாய்களில் மூட்டு விட்டுப்போய், வருஷக்கணக்கில் கசிந்து, கடைக்காலுக்குக் கீழே உள்ள மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும். செப்டிக் டேங்க், தரைக்கடித் தொட்டி, மூடிப்போன கிணறு எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள். பெருச்சாளி வளை இருக்கிறதா என்று பார். ஒரு வளை போதும், மழைத்தண்ணீர் நேரே அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்கிவிடும். சுவரிலிருந்து எத்தனை அடியில் வேம்பு, அரசு, ஆல் நிற்கிறது என்று அளந்து எழுது. பக்கத்து மனையில் அண்மையில் யாராவது ஆழமாகத் தோண்டினார்களா என்றும் விசாரி. வயதான அம்மாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசு. எந்த வருஷம் விரிசல் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

சென்னையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தார்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே வந்ததில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகள் இன்று தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த வேண்டியிருந்தது. பேஸ்மட்டம் புதைந்த வீட்டில், தெருத் தண்ணீர் உள்ளே வராமல் திருப்பிவிடும் வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாம் என்று பலர் வருவார்கள். சுண்ணாம்பில் கட்டிய, பீம் இல்லாத சுவரை அப்படித் தூக்கச் சம்மதிக்குமுன், பழங்கட்டடம் அறிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரின் கையெழுத்தை வாங்கு.

அடுத்தது விரிசல். எல்லா விரிசலுக்கும் அஸ்திவாரம் காரணம் ஆகாது. தளத்துக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுகப் படுக்கையாக ஓடுவது, பெரும்பாலும் வெயிலில் கான்கிரீட் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. பழைய வீட்டோடு பிற்பாடு ஒட்டிக் கட்டிய அறையின் சேர்க்கையில் நேர்செங்குத்தாக வருவது, புதுக் கடைக்கால் தனியாக இறங்கியதைக் காட்டும். ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளில் படிப்படியாகச் சாய்ந்து போவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் முனை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி உட்காருகிறது. அந்த அகலத்தைக் கண்ணால் மதிப்பிடாதே, அளந்து எழுது. ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்டதைப் பெரும்பாலும் பூசிச் சரிசெய்யலாம். பதினைந்தைத் தாண்டிவிட்டால் கதவும் ஜன்னலும் சிக்கத் தொடங்கியிருக்கும், சுவரின் சில பகுதிகளைப் பிரித்துக் கட்ட வேண்டி வரும்.

அகலத்தைவிட முக்கியமான கேள்வி, விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் கலவையால் ஒட்டித் தேதி எழுது. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு அதற்கும் தேதி எழுது. பிறகு காத்திரு. கோடையையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் அந்தச் சுவர் ஒரு முறை பார்க்கட்டும். கரிசல் பூமியில் வைகாசியில் வாய் திறந்த விரிசல் கார்த்திகையில் மூடிக்கொள்ளும். மண் தண்ணீர் குடித்து உப்புகிறது, காய்ந்து சுருங்குகிறது. அப்படி ஏறி இறங்கும் சுவருக்கும், ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போகும் சுவருக்கும் வைத்தியம் ஒன்றல்ல. வருஷக்கணக்கில் அசையாத பழைய விரிசல் என்றால், சுண்ணாம்புக் கலவையால் அடைத்துவிட்டு வீட்டுக்காரருக்குத் தைரியம் சொல்லிவிட்டு வா. சுவர் வெளிப்பக்கம் தொந்தி தள்ளினாலோ, உத்தரம் சுவரைவிட்டு நழுவினாலோ, விரிசல் வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலோ காத்திருக்காதே. அன்றைக்கே முட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை வேறிடத்துக்கு அனுப்பு.

மண்ணைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. காய்ந்த மண்ணைப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போடு. ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்று. ஒரு நாள் கழித்துப் பார். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதைவிடத் தண்ணீரில் எவ்வளவு அதிகம் உப்பியிருக்கிறது என்று கணக்கிடு. பாதிக்கு மேல் கூடியிருந்தால் அது சங்கடம் தரும் மண். அங்கே வீட்டைச் சுற்றி மூன்று, நான்கு அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகத் தளம் போட்டு, மழைத் தண்ணீரைத் தள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த மண்ணில் பழைய பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கவும் கூடாது. அதுவரை அது உறிஞ்சிய ஈரமெல்லாம் மண்ணிலேயே தங்கி, உப்பி, கடைக்காலை மேலே தூக்கும்.

ஓதத்துக்கு வருகிறேன். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் செங்கல் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றுகிறது. தண்ணீர் காற்றில் போய்விடும், அது கொண்டுவந்த உப்பு சுவரிலேயே பூத்துக் காரையைப் பொரித்து உதிர்க்கும். வீட்டுக்காரர் அதன்மேல் சிமெண்ட் பூசுவார், அதுவும் கொட்டினால் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுவார். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸைத் தாண்டி இன்னும் உயரே ஏறும். இந்தத் தவற்றை நீ செய்யாதே. சிமெண்ட் பூச்சை ஓத அடையாளத்துக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடு. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதே, காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டு. சுவரை ஆற அமரக் காயவிடு. பிறகு சுண்ணாம்பால் பூசி, சுண்ணாம்பே அடி. ஈரம் அடியிலிருந்து தொடர்ந்து ஏறினால், தரைக்குச் சற்று மேலே உள்ள ஒரு கலவை வரிசையில் நெருக்கமாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலேன் பசையைச் செலுத்தும் முறை இருக்கிறது. அதற்கு முன் வெளியே குவிந்திருக்கும் மண்ணைப் பேஸ்மட்டத்துக்குக் கீழே இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பசையைத் தாண்டி ஈரம் பக்கவாட்டில் நுழையும்.

இவ்வளவும் செய்தபின்னும் சுவர் இறங்கினால்தான் கடைக்காலுக்கு அடியில் போக வேண்டும். முதலில் சுவரின் மூலையைத் தவிர்த்து ஒரு சோதனைக் குழி தோண்டு. கருங்கல் எங்கே முடிகிறது, அதன் கீழே என்ன மண் இருக்கிறது என்று பார்த்து அங்கேயே நிறுத்து. அடியில் கட்டும் வேலையை இன்ஜினீயரின் வரைபடம் இல்லாமல் தொடங்காதே. சுவரை மூன்று, நான்கு அடித் துண்டுகளாகப் பிரித்து எண் போடு. அடுத்தடுத்த துண்டுகளை ஒருசேரத் தோண்டாதே. ஒன்றை முடித்துவிட்டு நாலாவதுக்குப் போ, பிறகு இரண்டாவதுக்கு வா. ஒவ்வொரு துண்டிலும் கெட்டி மண் வரை இறங்கிக் கான்கிரீட் போட்டு, அதன் தலைக்கும் பழைய கல்லின் அடிக்கும் நடுவே இரண்டு, மூன்று அங்குலம் இடைவெளி விடு. கான்கிரீட் இறுகிச் சுருங்கி முடித்ததும், தண்ணீர் குறைவாகப் பிசைந்த கெட்டிக் கலவையை அந்த இடைவெளியில் இடித்து நிரப்பு. அப்போதுதான் சுவரின் பாரம் புதுக் கடைக்காலுக்கு இறங்கும். வீட்டின் பாதியை மட்டும் ஆழமான கடைக்காலில் உட்கார வைத்தால், அந்த எல்லையிலேயே புதிதாக விரிசல் விழும். அதனால் எங்கே நிறுத்துவது என்பதையும், ஆழத்தை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதையும் முன்னரே தீர்மானித்துக்கொள்.

அவசரம் கூடாது என்பதற்கு ஓர் அரிய சான்று இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம். 1079-ல் தொடங்கிய அந்தக் கட்டடம், ஈரமான மக்கு மண்ணின் மேல் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து விரிசல் விடத் தொடங்கின. அடியில் தோண்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்தது. அதை அப்படியே இறைத்தால் சுவரின் கீழுள்ள மண்ணும் சேர்ந்து வந்துவிடும் என்று பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் அஞ்சினார். அதனால் வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை வரவழைத்தார்கள். 1906 முதல் 1911 வரை, கலங்கிய நீரின் இருட்டில், கையால் தடவித் தடவியே அவர் குழிகளின் அடியில் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடைத்தார். அதன் பிறகே நீரை இறைத்தார்கள், கொத்தனார்கள் இறங்கி மேலே கட்டி வந்தார்கள். சிறு சிறு குழியாக, ஒன்று முடிந்தபின் இன்னொன்று. அந்தப் பேராலயம் இன்றும் நிற்கிறது. நம் ஊர் வீட்டில் ஊற்றுத் தண்ணீர் வரும் குழியில் மோட்டாரைப் போட்டு இறைக்க ஆள் அவசரப்பட்டால், இறைத்த நீரை ஒரு வாளியில் பிடித்துத் தெளியவிட்டுப் பார். அடியில் மணல் படிந்தால் மோட்டாரை உடனே நிறுத்தச் சொல்.

குழிக்குள் இறங்குகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்தாளும் மண் வெட்டுகிறவரும் உன்னை நம்பித்தான் சுவருக்கடியில் குனிகிறார்கள். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதே. தோண்டிய மண்ணைக் குழியின் கரையில் குவிக்காதே. ஏறி வர ஏணி இருக்கட்டும். மழை இருட்டினால் வேலையை நிறுத்து, அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை எடுக்கவே எடுக்காதே. தை பிறந்தபின் தொடங்கி ஆனிக்குள் முடி.

வீட்டுக்காரரிடமும் நீ நேர்மையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வீட்டைக் காக்கும் பெரியவர்களைப் பயமுறுத்தி வேலை வாங்குகிறவர்கள் உண்டு. நீ பார்த்ததை எழுதிக் கொடு. எந்த விரிசல் ஆபத்தில்லாதது என்பதையும் அதிலேயே எழுது. குழாயை மாற்றினால் போதும் என்றால் அதையே சொல். உனக்கு வருமானம் குறையும், ஆனால் அந்த வீடு நிற்கும். வேலை முடிந்ததும் எங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாய், எதை வைத்து நிரப்பினாய் என்று ஒரு வரைபடம் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைக்கச் சொல். உனக்குப் பின் அந்தச் சுவரைத் தொடப்போகிறவனுக்கு அது வேண்டும்.

கடைசியாக ஒன்று. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊர் ஊராகத் தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடி. உன் வேலைக்கு அழை, உரிய கூலி கொடு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள், உன் ஆட்களையும் கற்கச் சொல். பழைய வீட்டைச் சீர்செய்ய அந்தக் கைகள் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள், தம்பி. இதைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
இத்தொழிலில் உனக்கு மூத்தவன்