ஃபோகஸ் தானா நகருதா? திருகுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

மைக்ரோஸ்கோப்பில் 40 எக்ஸ் லென்ஸைப் போட்டு, படம் பளிச்சென்று தெரியும்படி வைக்கிறோம். அப்சர்வேஷன் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தால் படம் மங்கிக் கிடக்கும். திரும்பச் சரி செய்தால் திரும்ப மங்கும். இதுதான் ஃபோகஸ் டிரிஃப்ட். "மெஷின் பழசுப்பா" என்று விட்டுவிடாதீங்க. பெரும்பாலும் காரணம் இரண்டே: ஒன்று எடை, இன்னொன்று வெப்பம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 10 எக்ஸ் லென்ஸில் (என்.ஏ. 0.25) சுமார் 9 மைக்ரான் ஆழம் வரை படம் தெளிவாக இருக்கும். 40 எக்ஸில் (என்.ஏ. 0.65) அது 1.3 மைக்ரான்தான். 10 செ.மீ. நீள அலுமினியம் 1 டிகிரி செல்சியஸ் சூடானால் 2.3 மைக்ரான் நீளும். 10 எக்ஸில் கண்ணுக்கே தெரியாத நகர்வு, 40 எக்ஸில் படத்தையே கெடுப்பது இதனால்தான்.

எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1. லேம்பைப் போட்டு அரை மணி நேரம் விடுங்க.
2. ஸ்லைடு கிளிப்பில் சரியா உட்கார்ந்திருக்கா என்று பாருங்க.
3. ஃபோகஸ் செய்து, ஃபைன் நாபின் அளவுகோலைக் குறிச்சுக்கோங்க.
4. 5 நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்ப ஃபோகஸ் செய்து குறிங்க. ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து திருகி வாங்க. இல்லாவிட்டால் பேக்லாஷ் கணக்கைக் குழப்பும்.

அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்டேஜை மேலே ஏற்றும் பக்கமாகவே அளவு போய்க்கொண்டிருந்தால், ஸ்டேஜ் தன் எடையால் இறங்குகிறது. கோர்ஸ் நாபை ஒட்டியிருக்கும் டென்ஷன் வளையத்தைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். வளையம் எது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மேனுவலில் பார்த்துவிட்டுத் தொடுங்க. அளவு முன்னும் பின்னும் போய் வந்தால் ஏசி மேல் சந்தேகப்படலாம். காற்று நேரே படாத இடத்துக்கு மைக்ரோஸ்கோப்பை மாற்றுங்க. லேம்ப் போட்ட புதிதில் மட்டும் நகர்ந்து, பிறகு நின்றுவிட்டால் ரிப்பேரே வேண்டாம், காத்திருந்தால் போதும்.

வெறும் பார்வைக்கு இது தொந்தரவுதான். அளவெடுக்கும்போது தப்பான விடையே வந்துவிடும். ஒரு படலத்தின் மேல்பரப்பு, அடிப்பரப்பு இரண்டையும் ஃபோகஸ் செய்து தடிமன் கணக்கிடுகிறோம் என்று வைங்க. 20 மைக்ரான் படலத்தில், இடையில் 3 மைக்ரான் நகர்ந்தாலே 15 சதவீதப் பிழை. அதனால் அடிப்பரப்பைப் பார்த்ததும் மறுபடி மேல்பரப்புக்கு வாங்க. முதலில் குறித்த அளவே வந்தால் ரீடிங்கை நம்பலாம். வராவிட்டால் அந்த வித்தியாசம்தான் டிரிஃப்ட். ரெக்கார்டில் எழுதுவதற்கு முன் அதைச் சரி பண்ணுங்க.