தென்காசி நாடும் அதன் குடிமக்களும்

ஓர் ஊரின் பெருமையைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அதன் கோயிலையும் அருவியையும் கூறி அமைவர். அவ்வூரில் வாழும் மக்கள் எத்துணையர், அவர் எத்தொழிலால் உயிர் வாழ்கின்றனர் என்பவற்றை ஆராய்வோர் சிலரே. தென்காசியையும் குற்றாலத்தையும் குறித்து அவ்வகையில் சில செய்திகளை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மேற்கு மலைத்தொடர் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் சிறிது தாழ்ந்து வழி விடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து, ஆனி, ஆடி மாதங்களில் சாரலைப் பொழிகின்றது. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு அருவியாய் வீழ்ந்து, வயல்களை வளம்படுத்திப் பொருநையோடு கலக்கின்றது. காற்று வந்த வழியே வணிகரும் வந்தனர். 1904-ஆம் ஆண்டில் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்த இருப்புப்பாதையும் அவ்வழியையே பற்றிச் சென்றது.

இனி, சரித்திரத்தை நோக்குவோம். 14-ஆம் நூற்றாண்டில் மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கினர். அவர் வழிவந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் தென்காசியில் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். பிற்காலத்தே இக்கோயிலுக்குக் கேடு நேரின் அதனைச் செப்பனிடுவோர் எவராயினும் அவரைத் தான் வணங்குவதாக அம்மன்னன் கல்லில் எழுதுவித்தான். சிதைந்து நெடுநாள் நின்ற இராசகோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. கட்டுதல் ஒரு தலைமுறையின் செயல். காத்தல் எல்லாத் தலைமுறைக்கும் உரியது என்பதை அவன் உணர்ந்திருந்தான் போலும்.

அரசு சுருங்கியபோதும் தமிழ் சுருங்கவில்லை. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியர் இவ்வூரிலிருந்தே ஆண்டவர். குற்றாலக் குறவஞ்சி ஆசிரியர் திரிகூடராசப்பக் கவிராயர் அருகிலுள்ள மேலகரத்தினர். ஞானப் பாடல்கள் இயற்றிய பீர்முகம்மது அப்பா பிறந்ததும் தென்காசியே. பல சமயத்தாரும் நெடுங்காலமாக இங்கு ஒருங்கு வாழ்ந்து வருதற்கு இவை சான்றாகும்.

நிற்க. ஆட்சி எல்லைகள் பலகால் மாறின. செங்கோட்டை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்து, 1956 நவம்பர் 1-இல் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியினின்றும் பிரிந்து, தென்காசி தனி மாவட்டமாயிற்று. வடக்கே சிவகிரி, சங்கரன்கோயில் வரை பரந்த கரிசற் காடும், தெற்கே நெல் விளையும் வயலும் அதன்கண் அடங்கும்.

2011-ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி இம்மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்தோர் 14,07,627 பேர். தென்காசி நகராட்சியில் வாழ்ந்தோர் 70,545 பேர். அஃதாவது, இருபதின்மருள் ஒருவரே தலைநகரில் வாழ்ந்தனர். கடையநல்லூரின் தொகையோ 90,364. எனவே, தலைநகரே பெருநகரன்று. மக்கள் பல சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பரவி வாழ்கின்றனர் என்பது பெறப்படும். ஒரு மருத்துவமனையும் ஓர் அலுவலகமும் தலைநகரில் அமைத்த அளவில் மாவட்டம் முழுதும் பயன் எய்திற்று எனக் கருதுதல் பொருந்தாது.

எண்ணிக்கையில் மறையும் செய்திகளும் உள. இப்பக்கத்துச் சிற்றூர்த் திண்ணைகளில், மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்டிரைக் காண்கின்றோம். பல குடும்பங்களின் அடுப்பு அவர் விரல்களால் எரிகின்றது. ஆயின் கணக்கெடுப்போர் வந்து தொழில் யாதெனக் கேட்கும்போது, "வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்று விடை கூறுவோர் அவருட் பலர். கேட்டவர் மறுமுறை வினவாது செல்வராயின், அவ்வுழைப்பு ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாத தொழிலுக்குக் காப்பும் உதவியும் எங்ஙனம் கிட்டும்?

குற்றாலத்தின் நிலையும் கருதத்தக்கது. 2011-இல் மக்களை எண்ணியது பிப்ரவரித் திங்களில். அப்பொழுது சாரலும் இல்லை, கூட்டமும் இல்லை. சாரற் காலத்திலோ, உள்ளூர் மக்களினும் பன்மடங்கினர் நாள்தோறும் வந்து நீராடுவர். தெருவைத் துப்புரவாக்குவதும், நன்னீர் வழங்குவதும், வெள்ளம் வருமுன் எச்சரிப்பதும் இப்பெருங் கூட்டத்தின் அளவுக்கு ஏற்ப அமைய வேண்டுமன்றோ? 2024 மே 17-இல், சாரற் காலம் தொடங்கு முன்னரே, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்று உயிர் போக்கியது. அருவியின் அழகைப் பாடுவோர் அதன் கீழ் நிற்போரின் தொகையையும் எண்ணுதல் கடன்.

2021-இல் நடைபெற வேண்டிய குடிமதிப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. மாவட்டம் பிறந்தபொழுது அதன் கையில் இருந்தது எட்டாண்டுப் பழங்கணக்கே. வீடு வீடாய்ச் சென்று மக்களை எண்ணும் பணி நம் நாட்டில் பெரும்பாலும் ஆசிரியர்க்கே வாய்க்கின்றது. நம்முடன் பயில்வோரிற் பலர் நாளை ஆசிரியராவர். அவர் ஒரு திண்ணையருகே ஏட்டுடன் நிற்கும் நாளில், முறத்தின்மேல் உள்ள இலையையும் நோக்கி, இன்னொரு முறை வினவுவாராக. நாட்டின் சரித்திரம் கல்லில் மட்டும் எழுதப்படுவதன்று.