கருங்காலியும் ஆமையும்
ஒரு சிறுதீவு புகட்டும் பாடம்

சைவாலயங்களில் தலவிருட்சம் இறைவனின் திருவுருவாகவே போற்றப்படுகின்றது. ஆயினும் எந்த மரமும் தனித்து வாழ்வதில்லை. அதன் கனியை உண்டு விதையைப் பரப்பும் உயிர்கள் அற்றுப்போனால், காலப்போக்கில் மரமும் அருகிவிடும். இவ்வுண்மையை இந்து சமுத்திரத்திலுள்ள சிறுதீவொன்று தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

தைப்பூசக் காவடியை இன்றும் பேணிவரும் தமிழர் வாழும் நாடு மொரிசியஸ். அதன் தென்கிழக்குக் கரைக்கு அண்மையில் உள்ளது ‘ஈல் ஓ ஸெக்ரெத்’ என்னும் தீவு. யாழ்ப்பாணத்தைப் போன்றே சுண்ணக்கல் நிலமாகிய இதன் பரப்பு 26 ஹெக்டேயர் மாத்திரமே.

1598ஆம் ஆண்டு ஒல்லாந்தர் மொரிசியஸில் இறங்கினர். ஒரு நூற்றாண்டு கழியுமுன்னரே டோடோ என்னும் பறக்கவியலாத பறவை பூண்டோடு அழிந்தது. மாலுமிகளுக்கு உணவாகிய இராட்சத ஆமைகளும் பின்னர் மறைந்தன. கருங்காலி மரங்கள் வெட்டப்பட்டன. கப்பல்களில் வந்த எலிகள் முட்டைகளையும் விதைகளையும் தின்றன.

இச்சிறுதீவு 1965இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பின்னர் மொரிசியஸ் வனசீவராசிகள் மன்றம் இதனைப் பொறுப்பேற்று, எலிகளை ஒழித்தது. அந்நியச் செடிகளைக் களைந்து, சுதேச மரங்களை நாட்டியது. எனினும் ஒரு குறை நீடித்தது. கருங்காலிப் பழங்கள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடந்தன. அவற்றை உண்டு விதை பரப்பிய ஆமையினம் உலகிலேயே இல்லை. ஆதலால் 2000ஆம் ஆண்டில், அல்டாப்ரா தீவின் இனத்தைச் சேர்ந்த இராட்சத ஆமைகள் இங்கு விடப்பட்டன. அவை பழங்களை உண்டு, எச்சத்தின் வழியே விதைகளைத் தீவெங்கும் பரப்பின. ஆமையின் குடலைக் கடந்த விதைகள் சிறப்பாக முளைப்பதை 2011இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

1990 அளவில் காட்டில் ஏறத்தாழப் பத்தாகக் குறைந்திருந்த இளஞ்சிவப்புப் புறாவும் இத்தீவில் குடியேற்றப்பட்டு, இன்று மொரிசியஸில் சில நூறாகப் பெருகியுள்ளது. ஆயினும் 2020 ஆகஸ்டில், அருகே தரைதட்டிய கப்பலொன்றிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, நாற்றுகளும் சில அரிய உயிர்களும் அவசரமாக அப்புறப்படுத்தப்பட்டன. பல்லாண்டு உழைப்பு ஒருசில நாட்களில் ஆபத்துக்குள்ளானது.

ஆமைகளை அழித்தல் எளிதாயிருந்தது. அவற்றின் பணியை மீட்க ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. அழிந்த இனமோ மீளவேயில்லை. ஆலய வீதியில் ஆலும் அரசும் தழைப்பது அவற்றின் விதையைச் சுமக்கும் பறவைகளாலேயே. மரத்தை வணங்குவோர் அப்பறவைக்கும் நிழலும் நீரும் அளித்தல் கடன். அதுவே சீவகாருணியம்.