தூசை நிறுக்குமுன் வளியை அளத்தல்

அரிசியை அளந்தும் சீனியை நிறுத்தும் வாங்கும் நாம், கணந்தோறும் சுவாசிக்கும் வளியில் எவ்வளவு தூசு உண்டென ஆராய்வதில்லை. 1952 டிசெம்பரில் இலண்டன் மாநகரை மூடிய புகைப்பனி ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கவர்ந்தது. 1956 இல் பிரித்தானியா தூயவளிச் சட்டத்தை இயற்றியது. வளியின் மாசை அளத்தல் உயிர்காக்கும் பணி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அளக்கும் முறை எளிதே. பம்பியொன்று வளியை உறிஞ்சி, முன்னரே நிறுக்கப்பட்ட வடிதாளினூடாக இழுக்கின்றது. 24 மணித்தியாலத்தின்பின் வடிதாளை மீண்டும் நிறுத்து, கூடிய திணிவை, ஊடுசென்ற வளியின் கனவளவால் வகுத்தால் தூசின் செறிவு கிடைக்கும். தராசு எத்துணை நுண்ணியதாயினும், கனவளவு பிழைத்தால் விடையும் பிழைக்கும்.

ஓர் உதாரணங் காண்போம். 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட நுண்டுணிக்கைகளைச் சேர்க்கும் கருவிகள் பல, நிமிடத்துக்கு 16.67 லீற்றர் வளியை இழுக்குமாறு அமைந்தவை. ஒரு நாளில் 24 கனமீற்றர் செல்லும். வடிதாளின் திணிவு 360 மைக்கிரோகிராம் கூடினால், செறிவு கனமீற்றருக்கு 15 மைக்கிரோகிராம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் ஒரு நாளுக்கென வகுத்த எல்லையும் இதுவே. ஆனால், மானி 16.67 எனக் காட்ட, உண்மையில் 15 லீற்றரே சென்றிருப்பின், கனவளவு 21.6 கனமீற்றராகும், செறிவு 16.7 ஆகி எல்லையைத் தாண்டிவிடும்.

இவ்வழுவைப் பின்னர்க் கணக்கிட்டுத் திருத்தலாமெனச் சிலர் கருதக்கூடும். அது முற்றும் பொருந்தாது. இக்கருவிகள் பலவற்றில், வடிதாளை அடையுமுன் வளி சடுதியாகத் திருப்பப்படுகின்றது. பெருந்துணிக்கைகள் தம் சடத்துவத்தால் திரும்பமாட்டாது தட்டில் மோதி ஒட்ட, நுண்ணியவை மட்டும் அப்பாற் செல்கின்றன. வேகங் குறைந்தாற் பெரியவையும் தப்பி வடிதாளிற் படியும். கலந்தவற்றை எக்கணக்காலும் பிரித்தல் இயலாது. ஆதலால், பாய்ச்சல் வீதத்தை முன்னரே சரிபார்த்தல் வேண்டும்.

இதற்குக் கல்லூரி ஆய்வுகூடத்துக்கும் ஏற்ற வழி சவர்க்காரப்படல முறையாகும். கனவளவு அறிந்த கண்ணாடிக் குழாயைக் கருவியின் வாயிலிற் பொருத்தி, அதனுள் எழும் சவர்க்காரப்படலம் இரு குறிகளுக்கிடையே செல்லும் நேரத்தைக் குறிக்கவேண்டும். குறிகளுக்கிடையே 1 லீற்றராயின், மேற்கூறிய பாய்ச்சலில் நேரம் 3.6 செக்கனே; கடிகாரத்தை அழுத்தும் கை 0.2 செக்கன் தவறினும் வழு நூற்றுக்கு 5 இற்கு மேலாகும். 5 லீற்றராயின் நேரம் 18 செக்கன். அதே தவறு நூற்றுக்கு 1 அளவே. ஆகவே, பெரிய குழாயைக் கொண்டு பன்முறை அளந்து சராசரி காண்டல் நன்று.

சரிபார்த்தல் கருவி இயங்கும் இடத்திலேயே நிகழவேண்டும். கொழும்பிற் குறியிடப்பட்ட மிதவைப் பாய்ச்சல்மானியை, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுசென்றால், அங்கு வளியின் அடர்த்தி குறைவாதலின், மானி காட்டுவதிலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடிய வளி செல்லும். மேலும், தூசு படியப் படிய வடிதாளின் தடையும் கூடும். எனவே தொடக்கத்திலும் முடிவிலும் கண்ட பாய்ச்சல், வெப்பநிலை, அமுக்கம் ஆகியவற்றைத் திகதியுடன் குறிப்பேட்டில் எழுதுதல் இன்றியமையாதது.

ஓரூரின் வளி நன்றோ தீதோ எனத் தீர்ப்புரைப்பதற்கு ஆதாரம் அவ்வேடே. எம் மாணவர் எவ்வளவீட்டைக் காணினும், இம்மானி எப்பொழுது, எவ்விடத்திற் சரிபார்க்கப்பட்டது என முதலில் வினவுவாராக.